வயலின் பிள்ளைக்கு அடுத்து என்ன? சிங்கப்பூரில் எந்தக் கதவு எப்போது மூடும்

"எட்டாம் கிரேடு முடிச்சாச்சு சார், அடுத்து என்ன பண்ணலாம்?" சிங்கப்பூரில் வயலின் சொல்லித்தருகிறவர்களிடம் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்கும்போது பிள்ளை உயர்நிலை 3இல் இருக்கும். கேள்வியில் தப்பில்லை, நேரம்தான் தப்பு. சில கதவுகள் தொடக்கநிலை 6 முடிவதற்குள் சாத்திவிடும். சில இருபத்தொரு வயதிலும் திறந்தே இருக்கும். கிரேடு சான்றிதழைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

அதனால் இங்கே எந்த வழி உயர்ந்தது என்று பார்க்கவில்லை. ஒவ்வொரு வழியும் எந்த வயதில் மூடுகிறது, அதற்குள் கையும் காதும் எங்கே வந்திருக்க வேண்டும், படிப்பு முடிந்த முதல் ஐந்தாறு வருஷம் வாரம் எப்படிக் கழியும் என்ற மூன்றை மட்டும் வைத்து ஒப்பிடுகிறோம். ஒன்றை இப்போதே சொல்லிவிடலாம். கர்னாடக இசையோ மேற்கத்திய இசையோ, உள்ளூர்ப் படிப்போ வெளிநாட்டுப் பட்டமோ, ஆரம்ப வருஷங்களின் வருமானத்தில் பெரும்பங்கு வகுப்பு எடுப்பதில்தான் வரும். மேடை அதற்கு மேல் வருவது.

ஒரு வயலினா, இரண்டா

"ரெண்டையும் ஒண்ணா கத்துக்கட்டுமே" என்பது நம் வீடுகளில் சகஜம். செவ்வாய்க்கிழமை பள்ளியில் ஸ்ட்ரிங் ஆன்சம்பிள், சனிக்கிழமை பாட்டு மாமியிடம் வர்ணம். பத்துப் பதினொரு வயதுவரை இது நன்றாகவே ஓடும். ஒரே வயலினை இரண்டுக்கும் வைத்துக்கொள்ளும்போதுதான் வம்பு ஆரம்பிக்கும்.

மேற்கத்திய வயலினின் நான்கு தந்திகளும் ஜி, டி, ஏ, ஈ என்று நிலையாக நிற்பவை. கர்னாடகத்தில் அவை ச-ப-ச-ப. எந்த ச என்பதைப் பாடுகிறவரின் சுருதி முடிவு செய்யும். பெண் குரலுக்கு ஐந்தரைக் கட்டை என்றால் பெரிய சிரமமில்லை. கீழ்த் தந்திகள் இரண்டும் ஒரு ஸ்வரஸ்தானம் ஏறும், மேல் தந்திகள் இரண்டும் ஒன்று இறங்கும், அவ்வளவுதான். ஆண் குரலுக்கு இரண்டு கட்டை வைத்தால் கதை வேறு. கீழே உள்ள இரண்டு தந்திகளும் ஐந்து ஸ்வரஸ்தானம் இறங்க வேண்டும், மேலே உள்ள இரண்டும் ஏழு. அவ்வளவு தளர்ந்த தந்தியில் வில் கனமாக விழுந்தால் ஒலி உடைந்து பிசிறடிக்கும். தடித்த தந்தி போட்டால் கர்னாடகத்துக்குச் சரியாகிவிடும், ஆனால் மறுநாள் ஆன்சம்பிளுக்காக அதையே மேலே இழுத்தால் அறுந்துபோகும்.

தந்தி அறுந்தால் புதிது மாட்டிக்கொள்ளலாம். வயலினுக்குள் நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சிறு மரக்குச்சிதான் பெரிய கவலை. அதை ஒட்டவில்லை, தந்திகளின் அழுத்தம்தான் அதை நிற்க வைத்திருக்கிறது. நான்கு தந்தியையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் அது சாய்ந்துவிடும், கடைக்குத்தான் எடுத்துப் போக வேண்டும். தந்திகளைத் திரும்பத் திரும்ப மேலே இழுத்தால், அவற்றைத் தாங்கும் குதிரை என்ற மரத்துண்டு விரல்பலகைப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயும். கவனிக்காமல் விட்டால் வளைந்தே போகும். குதிரையின் பின்பக்கம், அதாவது நாண்பிடிப்பைப் பார்க்கும் பக்கம், வயலின் பலகைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்கப் பிள்ளையைப் பழக்க வேண்டும்.

அடுத்தது எண்ணெய். ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்கு விரல் வழுக்க வேண்டும் என்று இடக்கை விரல்நுனியில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவுவது நம் பழக்கம். அதே வயலினை மறுநாள் பள்ளிக்கு எடுத்துப் போனால் தந்தியின் சுற்றுக்கம்பி இடுக்குகளில் எண்ணெயும் ரோசின் தூளும் சேர்ந்து பசையாகியிருக்கும். பிள்ளை மறந்து அந்த விரலால் வில்முடியைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் ரோசின் ஒட்டாது. ஒரே வில்லடியில் பாதி தூரம் ஒலி வரும், நடுவே ஊமையாகும். ஆசிரியர் கையைக் குறை சொல்வார், பிழையோ முடியில் இருக்கும்.

இதெல்லாம் கருவியின் கதை. கையின் கதை இன்னும் முக்கியம். மேற்கத்திய முறையில் வயலின் தோளுக்கும் தாடைக்கும் நடுவில் நிற்கும், இடக்கை இடம் விட்டு இடம் தாவும், ஒவ்வொரு பொசிஷனிலும் நான்கு விரலும் ஒரு சட்டகம்போல் நிற்க வேண்டும். கர்னாடகத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, ஒன்றிரண்டு விரலிலேயே தந்தி நெடுக வழுக்கிப் போகிறோம். தோடி ராகத்தின் காந்தார ஸ்வரம் ஓரிடத்தில் நிற்காது, அசைவதுதான் அதன் உருவம். மேற்கத்தியப் பயிற்சி ஊறிய பிள்ளை அங்கே தன்னையறியாமல் வைப்ரேட்டோ போடும். அசைவின் அகலமும் வேகமும் வேறு, வழுக்கி வந்து சேரும் இடமும் வேறு. கேட்பவருக்குத் தோடி தெரியாது, நடுக்கம்தான் தெரியும்.

எங்கள் கருத்து: பன்னிரண்டு வயதுவரை இரண்டும் இருக்கட்டும், இரண்டு வயலினில். அதன்பின் ஒன்று தாய்மொழி, மற்றது இரண்டாம் மொழி. ஐம்பதுக்கு ஐம்பது என்று பிரித்தால் பதினாறில் இரண்டிலும் நடுத்தரமாக நிற்கும் பிள்ளைதான் கிடைக்கும்.

கர்னாடக வழி

சிங்கப்பூரில் இந்த வழிக்கு வயதுக் கதவு கிடையாது. 1949இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம், நம் வாயில் சிஃபாஸ், வயலினும் வீணையும் சொல்லித்தருகிறது. டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இருக்கிறது. வீட்டில் சொல்லித்தரும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். சரளிவரிசை, ஜண்டை, அலங்காரம், கீதம், வர்ணம் என்ற ஏணி எல்லா இடத்திலும் ஒன்றுதான். வர்ணத்துக்குப் பிறகுதான் பாதை பிரியும்.

தனியாக வாசிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு ஒருவிதப் பயிற்சி. பக்கவாத்தியம் வாசிக்கப்போகும் பிள்ளைக்கு முற்றிலும் வேறு பயிற்சி. சிங்கப்பூரில் வாய்ப்பு இரண்டாவதில்தான் இருக்கிறது. பாடகர் ஆலாபனையில் ஒரு சங்கதி பிடித்தால் அரை நொடி பின்னால் அதே சங்கதி வில்லில் வர வேண்டும். நிரவலிலும் கல்பனாஸ்வரத்திலும் அவர் விட்ட இடத்தில் எடுக்க வேண்டும். அவர் எடுக்கும் கிருதி தனக்குத் தெரியாததாக இருந்தாலும் இரண்டாவது சங்கதிக்குள் பிடித்துக்கொள்ள வேண்டும். பாடம் கேட்டு மட்டும் இது வராது. தினமும் ஏதாவதொரு கச்சேரிப் பதிவைப் போட்டு, முன்கூட்டிக் கேட்காமல் கூடவே வாசித்துப் பழகினால்தான் வரும். ஒரு மணிநேர வீட்டுப் பயிற்சியில் இருபது நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். பல ஆசிரியர்கள் இதைச் சொல்லித்தருவதில்லை, கிருதி எண்ணிக்கையைத்தான் ஏற்றுகிறார்கள். இருநூறு கிருதி தெரிந்தும் பாடகரோடு ஒட்டாமல் தனியே வாசிக்கிற பிள்ளைகள் உண்டு.

வேலைவாய்ப்பைப் பார்ப்போம். பரத அரங்கேற்றங்கள் இங்கே வருஷம் முழுக்க நடக்கின்றன. நேரடி இசை வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் பாட்டு, மிருதங்கம், நட்டுவாங்கத்தோடு ஒரு வயலினோ புல்லாங்குழலோ தேடும். உள்ளூரில் ஆள் குறைவு, சென்னையிலிருந்து வரவழைத்தால் விமானச் சீட்டும் தங்கும் செலவும் சேரும். எனவே இருபது வயதில் நன்றாக வாசிக்கும் உள்ளூர்ப் பிள்ளைக்கு அழைப்பு வரும். ஆனால் அரங்கேற்றம் என்பது ஒரு மாலை வேலை இல்லை. மார்க்கம் என்ற முழு நடன வரிசைக்கும் ஒத்திகைகள் பல இருக்கும், வர்ணம் மட்டுமே அரை மணிநேரத்துக்கு மேல் போகும். கூலி பேசும்போது கச்சேரிக்கு எவ்வளவு என்பதோடு எத்தனை ஒத்திகை, ஒவ்வொன்றும் எத்தனை மணிநேரம் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். இதைப் பேசக் கூச்சப்பட்டு, கடைசியில் மணிக்கணக்குப் போட்டால் கடை வேலைக் கூலிக்கும் கீழே வந்துவிடும்.

மற்றவை: நவராத்திரிக் கோயில் நிகழ்ச்சிகள், தியாகராஜ ஆராதனை, நவம்பரில் எஸ்பிளனேட் நடத்தும் கலா உத்சவத்தைச் சுற்றி வரும் வாய்ப்புகள், மக்கள் கழகத்தின் சிங்கப்பூர் இந்திய இசைக்குழு. இவற்றில் மேடை கிடைக்கும், பெயர் கிடைக்கும், மாத வாடகை கிடைக்காது.

இந்த வழிக்கு சிங்கப்பூர்க் காலண்டரில் ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. நம் பள்ளி விடுமுறை நவம்பர் நடுவில் தொடங்கி டிசம்பர் முழுக்க ஓடுகிறது. சென்னை மார்கழி சீசனின் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும். காலையில் ஆசிரியரிடம் பாடம், மதியம் சபாக்களில் இளையவர்களின் இலவசக் கச்சேரி, மாலையில் பெரியவர்களின் கச்சேரி என்று நான்கு வாரம் இருந்தால், ஆறு மாதம் வாரவகுப்புக்குப் போன பலன் காதில் ஏறும். பதின்மூன்றிலிருந்து பதினெட்டுக்குள் இப்படி மூன்று டிசம்பராவது போயிருக்க வேண்டும். முழுநேரமாகப் போக விரும்புகிறவர்களுக்குக் கலாக்ஷேத்ரத்தில் நான்கு வருஷ டிப்ளமா உண்டு.

வீணைப் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு மட்டும். மெழுகில் பதித்த 24 மெட்டுகளும் சிங்கப்பூர் வெயிலில் நிறுத்திய காருக்குள் அரை மணிநேரம் தாங்காது. மெழுகு இளகி ஒரு மெட்டு இம்மியளவு நகர்ந்தாலும் ஸ்வரம் கெடும், திரும்ப மெட்டுப் போடத் தெரிந்தவர் இங்கே சுலபத்தில் கிடைக்கமாட்டார்.

பன்னிரண்டு வயதுக் கதவு: கலைப் பள்ளி

2008இல் தொடங்கிய சிங்கப்பூர் கலைப் பள்ளி, சோட்டா, ஆறு வருஷப் படிப்பு. முடிவில் இன்டர்நேஷனல் பாக்கலரியேட் (ஐபி) டிப்ளமா. நுழைவு பெரும்பாலும் தொடக்கநிலை 6இல், நேரடிப் பள்ளிச் சேர்க்கை வழியாக. விண்ணப்பம் மே மாதம் திறக்கும். அப்படியென்றால் தொடக்கநிலை 5 ஆண்டிறுதி விடுமுறைக்குள் பிள்ளை தயாராக இருக்க வேண்டும். பிஎஸ்எல்இ துணைப்பாடத்தின் அழுத்தமும் இதே மாதங்களில்தான் உச்சத்துக்குப் போகும். பல குடும்பங்கள் இந்த இடத்தில்தான் வயலினை "ஒரு வருஷம் நிறுத்தி வைப்போம்" என்று முடிவெடுக்கின்றன. அந்த ஒரு வருஷம்தான் இந்தக் கதவு.

இசைச் சிறப்புத் திட்டம் உள்ள உயர்நிலைப் பள்ளிகள் இதற்கு மாற்று. அங்கே வாசிப்போடு இசை வரலாறும் இயற்றலும் பாடமாக வரும். மேற்கத்திய வழியில் போகும் பிள்ளைக்கு நல்ல தேர்வு, பிற்காலத்தில் இசையை விட்டாலும் கல்விப்பாதை தடைபடாது.

பள்ளியில் எது கிடைத்தாலும் வார இறுதியில் ஒரு நல்ல இளையர் இசைக்குழுவில் இருக்க வேண்டும். சிங்கப்பூர்த் தேசிய இளையர் இசைக்குழு சிம்பொனி இசைக்குழுவின் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. அங்கே கிடைப்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் வில்லோடு தன் வில் ஒரே இடத்தில் ஏறி இறங்கும் பழக்கம். தனி வகுப்பில் இதைச் சொல்லித்தரவே முடியாது.

கிரேடு எட்டுக்கும் இசைக் கல்லூரிக்கும் நடுவே உள்ள பள்ளம்

ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியத்தின் எட்டாம் கிரேடில் மொத்தம் 150 மதிப்பெண். மூன்று உருப்படிகளுக்குத் தலா 30, ஸ்கேலுக்கு 21, பார்த்தவுடன் வாசிப்பதற்கு 21, காதுச் சோதனைக்கு 18. நூறு எடுத்தால் தேர்ச்சி, 120 மெரிட், 130 டிஸ்டிங்ஷன். வருஷத்துக்கு மூன்று உருப்படி என்று எட்டு வருஷம் போனால் பிள்ளை தன் வாழ்நாளில் மொத்தம் 24 உருப்படி வாசித்திருக்கும். டிஸ்டிங்ஷனும் வாங்கியிருக்கும். புதுத் தாளை முன்னால் வைத்தால் திணறும்.

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் சியூ தோ இசைக் கல்லூரி 2003இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. நான்கு வருஷ இளங்கலைப் பட்டம். இந்தத் தரத்தில் உள்ள கல்லூரிகளின் வயலின் நேர்முகத்தில் பொதுவாகக் கேட்பது: இசையமைப்பாளர் பாகின் துணையில்லாத் தனி வயலின் படைப்புகளில் ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு பகுதிகள், ஒரு பகனினி கப்ரீஸ் அல்லது அதற்கு நிகரான எட்யூட், ஒரு பெரிய கான்செர்ட்டோவின் முதற்பகுதி. எட்டாம் கிரேடிலிருந்து இதற்குப் போக, நல்ல ஆசிரியரிடம் தினம் மூன்று மணிநேரம் வாசித்தால்கூட இரண்டு மூன்று வருஷம் ஆகும். எனவே எட்டாம் கிரேடு பதினான்கிலாவது முடிந்திருக்க வேண்டும். பதினேழில் முடித்துவிட்டு இந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது கால விரயம்.

போட்டியும் உள்ளூர்ப் போட்டி மட்டும் அல்ல. சீனா, தைவான், கொரியா, வியட்நாம் எங்கிருந்தும் வருவார்கள். ஆனால் உள்ளே நுழைந்துவிட்டால் நான்கு வருஷமும் அறையிசை, இசைக்குழு, வெளிநாட்டுக் கலைஞர்களின் மாஸ்டர் கிளாஸ் என்று கிடைப்பது இந்த வட்டாரத்தில் மிக நல்ல பயிற்சி.

வயலின் வரிசையில் நெருக்கடி அதிகம் என்பதால் ஒரு யோசனை சொல்கிறோம், பெற்றோர் பலர் முகம் சுளிப்பார்கள். கை நீளமும் விரல் அகலமும் உள்ள பிள்ளையைப் பதினான்கு பதினைந்தில் வியோலாவுக்கு மாற்றிப் பாருங்கள். வியோலாவுக்கு ஒரே அளவு கிடையாது, பதினைந்தரை அங்குலத்திலிருந்து பதினாறரைவரை உடம்புக்கு ஏற்றதை எடுக்கலாம். ஆல்ட்டோ கிளெஃப் படிக்கப் பழக இரண்டு மாதம். வில்லை இன்னும் மெதுவாக, இன்னும் கனமாக இழுக்க ஒரு வருஷம். ஆனால் நல்ல வியோலாக்காரரைத் தேடாத இசைக்குழுவும் குவார்ட்டெட்டும் எங்கும் இல்லை. "தோத்துப்போன வயலின்காரன்தான் வியோலாவுக்குப் போவான்" என்ற பேச்சு அந்தக் காலத்துக் கிண்டல், காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். செல்லோவும் டபுள் பாஸும் வாசிப்பவர்களுக்கு இன்னொரு வாசல் உண்டு: சிங்கப்பூர்ச் சீன இசைக்குழுவிலும் அந்த இரண்டு வரிசைகளும் இருக்கின்றன.

ஆண் பிள்ளைக்குக் கணக்கு மாறும்: நாஃபாவும் தேசிய சேவையும்

1938இல் தொடங்கிய நன்யாங் நுண்கலைக் கழகம், அதாவது நாஃபா, லசால் கலைக் கல்லூரியோடு சேர்ந்து 2024 முதல் சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகத்தின் அங்கம். அங்கே மூன்று வருஷ இசை டிப்ளமா இருக்கிறது. தரத்தில் யோங் சியூ தோவுக்கு ஒரு படி கீழே என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பெண் பிள்ளைக்கு அந்த ஒப்பீடு ஓரளவு சரி. ஆண் பிள்ளைக்குச் சரியில்லை.

காரணம் தேசிய சேவை. ஏ நிலை, டிப்ளமா வரையிலான முழுநேரப் படிப்புக்குச் சேவையைத் தள்ளிவைக்கலாம். பட்டப்படிப்புக்குப் பொதுவாக முடியாது. தொடக்கக் கல்லூரி வழியாகப் போகும் பையன் பதினெட்டு பத்தொன்பதில், கை வளர்ந்து வேகமெடுக்கும் நேரத்தில், இரண்டு வருஷம் வில்லை விட்டு விலகுகிறான். அதற்கு முன்னால் ஏ நிலைப் பாடங்களுக்கு நடுவே தினம் ஒரு மணிநேரம்தான் வாசித்திருப்பான். உயர்நிலை முடித்து நேராக நாஃபா டிப்ளமாவுக்குப் போகிறவன் பதினேழிலிருந்து இருபதுவரை தினம் நான்கு மணிநேரம் வாசித்துவிட்டுச் சேவைக்குப் போகிறான். உறுதியான கை இரண்டு வருஷ இடைவெளியைத் தாங்கும், அரைகுறைக் கை தாங்காது.

சேவைக் காலத்தில் என்ன கெடும்? விரல்நுனித் தோல் சில வாரங்களில் மெலிந்துவிடும், திரும்ப வாசிக்கத் தொடங்கினால் இரண்டு வாரத்தில் வந்தும்விடும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். போனால் திரும்பி வரச் சிரமப்படுவது வலக்கை. முதுகுச்சுமையும் புஷ்-அப்பும் தோளைக் காதுப்பக்கம் இறுக்கிவிடும். அந்த இறுகிய தோளோடு வார இறுதியில் வந்து கான்செர்ட்டோ வாசித்தால் தோள்பட்டையிலும் முன்கையிலும் வலி நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் முதல் பதினைந்து நிமிடம் திறந்த தந்தியில் நீண்ட வில், அடுத்த பதினைந்து நிமிடம் மெதுவான ஸ்கேல், கடைசிப் பத்து நிமிடம் பாகின் ஒரு மெதுவான பகுதி. நாற்பது நிமிடம் போதும். அடிப்படைப் பயிற்சி முடிந்து இடம் ஒதுக்கியபின் முகாமில் ஒரு மூலை கிடைக்குமானால் வார நாட்களில் ரப்பர் மியூட் போட்டு அரை மணிநேரம். இசை, நாடகக் குழுவுக்குத் தேர்வு எழுதிப் பார்ப்பதில் தவறில்லை, இடங்கள் சொற்பம், அதை நம்பித் திட்டம் போடக்கூடாது.

வெளிநாட்டுக் கல்லூரிக்குப் போகும் பையன்கள் தேதியைக் கவனிக்க வேண்டும். பிரிட்டனின் இசைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் அக்டோபர் தொடக்கத்திலேயே முடியும், நேர்முகம் நவம்பர் டிசம்பரில், சேர்வது அடுத்த செப்டம்பரில். சேவை முடிவதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்பே கை தயாராக இருக்க வேண்டும் என்று அர்த்தம். அமெரிக்காவில் முன்தேர்வுப் பதிவுகளைப் பெரும்பாலும் டிசம்பர் 1க்குள் அனுப்ப வேண்டும். ஜெர்மனியின் அரசு இசைக் கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு. பாடென்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் கவனம், 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். ஜெர்மன் மொழிச் சான்றிதழ் கேட்பார்கள், அதற்கும் ஒரு வருஷம் ஒதுக்குங்கள்.

வேறு பட்டம், கூடவே வயலின்

நம் வீடுகளில் இதுதான் முதல் விருப்பம், இதைத் தோல்வியாகப் பார்க்கத் தேவையில்லை. வயலின் மேதை எல். சுப்ரமணியமே சென்னையில் மருத்துவம் படித்து முடித்தவர். கர்னாடக இசையில் இந்த வழி இயல்பாகப் பொருந்தும், கச்சேரிகள் மாலையிலும் வார இறுதியிலும்தான். மேற்கத்திய இசையில் தன்னார்வலர்களைக் கொண்டு 2008இல் தொடங்கிய ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் த மியூசிக் மேக்கர்ஸ் போன்ற குழுக்கள் பெரிய சிம்பொனிகளைத் தரமாக வாசிக்கின்றன. இந்த வழியின் கதவு மூடுவதே இல்லை.

ஆனால் ஒரு பொய்யைச் சொல்லிக்கொள்ள வேண்டாம். "முதலில் பொறியியல் முடிக்கட்டும், அப்புறம் முழுநேரமாகப் போகட்டும்" என்பது மேற்கத்திய வயலினில் நடக்காத காரியம். இருபத்தைந்தில் திரும்பி வந்தால் பதினெட்டிலிருந்து தினம் ஐந்து மணிநேரம் வாசித்தவர்களோடு நிற்க வேண்டும். கர்னாடகத்தில் இதற்கு இன்னும் கொஞ்சம் இடம் உண்டு.

முதல் வேலை வருஷங்கள்: வாரம் எப்படி இருக்கும்

சிங்கப்பூர் சிம்பொனி இசைக்குழு 1979 முதல் இயங்குகிறது. யாராவது விலகினால்தான் நாற்காலி காலியாகும், உலகம் முழுவதிலிருந்தும் விண்ணப்பம் வரும். தொழில்முறை இசைக்குழுத் தேர்வுகளில் முதல் சுற்று பொதுவாகத் திரைக்குப் பின்னால். வயலினுக்கு மோட்சார்ட் கான்செர்ட்டோவின் முதற்பகுதி, அதன்பின் இசைக்குழுப் பகுதிகள். ஷ்ட்ராவுஸின் டான் ஹுவான் முதல் பக்கம் கேட்காத இடமே அரிது. பெரிய கான்செர்ட்டோக்களை வெளுத்துக்கட்டிய பட்டதாரிகள் விழுவது மோட்சார்ட்டில்தான். அங்கே ஒளிய இடமில்லை, ஒரு ஸ்வரம் நீண்டாலும் குறைந்தாலும் அப்படியே கேட்கும்.

நாற்காலி கிடைக்கும்வரை, அல்லது கிடைக்காமலே போனாலும், வாழ்க்கை இப்படித்தான் ஓடும்: பள்ளிக் குழுக்களுக்குப் பயிற்சி, தனி வகுப்புகள், அழைப்பு வந்தால் இசைக்குழுவில் வாசிப்பு, திருமணம், நிறுவன விருந்து. இதில் பலர் எதிர்பார்க்காத முட்டுக்கட்டை ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் வகுப்புக்கு வருவது வார நாளில் மூன்று மணியிலிருந்து ஒன்பதுவரையும் சனிக்கிழமை முழுவதும். தனிக்கலைஞர்களை வைத்து நடக்கும் ஒத்திகைகளும் கச்சேரிகளும் அதே மாலைகளில், அதே சனிக்கிழமைகளில். ஒரு வாரக் கச்சேரிக்கு ஒப்புக்கொண்டால் பத்துப் பன்னிரண்டு வகுப்பை மாற்ற வேண்டும். மாற்றி மாற்றி வைத்தால் பெற்றோர் பொறுமையிழந்து வேறு ஆசிரியரைத் தேடுவார்கள். தொடங்கும்போதே வாரத்தில் இரண்டு மாலைகளை வகுப்பே இல்லாமல் காலியாக விட்டு அட்டவணை போட வேண்டும். வருமானம் குறைவதுபோல் தெரியும். ஆனால் அந்த இரண்டு மாலையில்தான் மேடை வாழ்க்கை வளரும்.

சுயதொழில் செய்பவருக்கு முதலாளி தரும் மத்திய சேமநிதிப் பங்கு கிடையாது. வருஷ நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவுக்குக் கட்டாயம் செலுத்த வேண்டும். வரிக்கணக்கு வரும் மாதத்தில் இது திடீரென்று தலையில் விழாமல் இருக்க ஒவ்வொரு மாதமும் தனியே எடுத்துவையுங்கள். தந்தி, வில்முடி, நோட்டு, கருவிக் காப்புறுதி எல்லாவற்றுக்கும் ரசீது இருக்கட்டும்.

கருவியும் இந்த ஊரில் தனிச் செலவுதான். காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல், குளிரூட்டிய ஒத்திகை அறையில் அது சட்டென்று இறங்கும். வீவக வீட்டில் உப்பிய பிரடை அங்கே போனதும் சுருங்கி, தந்தி படக்கென்று அவிழும். ஓரங்களின் பசை விட்டுப்போகும், விரல்முட்டியால் விளிம்பைச் சுற்றித் தட்டிப் பார்த்தால் விட்ட இடத்தில் ஒலி சலசலக்கும். பெட்டிக்குள் ஈரப்பதமானி வைத்து 50க்கும் 60க்கும் நடுவில் காப்பாற்றுங்கள். அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறக்காமல் கால் மணிநேரம் விடுங்கள். வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்துவதை ஒருநாளும் மறக்கக்கூடாது. வயலினுக்குச் செலவிடும் தொகையில் நான்கில் ஒரு பங்காவது வில்லுக்குப் போகட்டும். மிக உயர்ந்த கருவி தேவைப்படும் நிலைக்கு வந்தவர்களுக்கு, தேசியக் கலை மன்றமும் ரின் தொகுப்பு என்ற தனியார் கருவித் தொகுப்பும் சேர்ந்து கருவி இரவல் தரும் திட்டத்தைக் கவனிக்கலாம்.

முடிவெடுக்க ஒரு பரீட்சை

எல்லாம் படித்தபிறகும் குழப்பம் இருந்தால், ஆண்டிறுதி விடுமுறையில் மூன்று வாரம் இதைச் செய்து பாருங்கள். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தினம் இரண்டு மணிநேரம், பதினைந்துக்கு மேல் நான்கு மணிநேரம். ஐம்பது நிமிடம் வாசிப்பு, பத்து நிமிடம் கருவியைக் கீழே வைத்து ஓய்வு. முதல் ஐம்பது நிமிடம் ஸ்கேலும் வில்லும், அல்லது வரிசையும் அகாரமும். அடுத்தது புதிதாக ஒரு உருப்படி. ஏற்கெனவே தெரிந்ததை மெருகேற்றுவது கடைசியில்தான். ஆசிரியர் வாரம் ஒருமுறை மட்டும் பார்க்கட்டும், பெற்றோர் அறைக்குள் போகக்கூடாது. மூன்றாம் நாள், பத்தாம் நாள், இருபதாம் நாள் ஒரே பகுதியைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள்.

முதல் வாரம் எல்லாப் பிள்ளையும் உற்சாகமாக இருக்கும், அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. பத்தாம் நாள்தான் பார்க்க வேண்டிய நாள். கட்டைவிரலிலோ முன்கையிலோ வலி வந்தால் நிறுத்துங்கள். அது ஆசையின்மை அல்ல, பிடியில் பிழை, ஆசிரியரிடம் பிடியைத் திருத்தச் சொல்லிவிட்டு ஜூன் விடுமுறையில் திரும்பச் செய்யலாம். வலியில்லாமல் சலிப்பு மட்டும் வந்து, ஐம்பது நிமிடத்தில் பாதி நேரம் தெரிந்த உருப்படியையே திரும்பத் திரும்ப வாசித்தால், வேறு பட்டத்தோடு வயலின் என்ற வழிதான் அந்தப் பிள்ளைக்கு நல்லது. யாரும் சொல்லாமலே ஒரே இடத்தை இருபது முறை மெதுவாக வாசித்து, இருபத்தொன்றாவது முறை ஏன் சரியாக வந்தது என்று தன் வார்த்தையில் சொல்லத் தெரிந்தால், மே மாத விண்ணப்பத்துக்கான வேலையை ஜனவரியிலேயே தொடங்கிவிடுங்கள்.

ஆசிரியர் இல்லாத நேரத்தில் பிள்ளை வயலினைத் தோளில் வைத்துக்கொள்கிறதா, சம்மணமிட்டுக் கணுக்காலில் சாய்க்கிறதா என்பதையும் அந்த மூன்று வாரத்தில் கதவிடுக்கு வழியாகக் கவனியுங்கள்.